உரிமத் துப்பாக்கியும் கள்ளத் துப்பாக்கியும்

மத்திய உள்துறை அமைச்சகம் திரட்டிய கணக்கின்படி, 2016ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் நடைமுறையில் இருந்த துப்பாக்கி உரிமங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 33 இலட்சத்து 70 ஆயிரம். இவற்றுள் 12 இலட்சத்து 78 ஆயிரம் உரிமங்கள் உத்தரப் பிரதேசம் ஒன்றில் மட்டும் இருந்தன. தமிழ்நாட்டில் இருந்தவை 22,500 அளவே. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் உத்தரப் பிரதேசத்தில் 156 பேருக்கு ஓர் உரிமம். பஞ்சாபில் 77 பேருக்கு ஒன்று. ஜம்மு-காஷ்மீரில் 34 பேருக்கு ஒன்று. பீகாரில் 1,260 பேருக்கு ஒன்று. தமிழ்நாட்டில் 3,200 பேருக்கு ஒன்று.

உரிமம் மிகுந்த மாநிலத்தில் கொலையும் மிகுந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை இவ்வெண்ணத்திற்கு இடந்தரவில்லை. அவ்வாண்டு நாடெங்கும் பதிவான கொலை வழக்குகள் 28,522. இது இலட்சம் பேருக்கு 2.1 என்ற விகிதமாகும். உத்தரப் பிரதேசத்தின் விகிதம் சுமார் 1.5, தமிழ்நாட்டின் விகிதம் சுமார் 2.2. உரிமத் துப்பாக்கி இருபது மடங்கு அடர்ந்துள்ள மாநிலத்தில் கொலை விகிதம் குறைவாகவும், துப்பாக்கி அரிதாக உள்ள மாநிலத்தில் சற்று மிகுதியாகவும் காணப்படுகின்றது. இதைக் கொண்டு துப்பாக்கி பெருகினால் கொலை குறையும் என்று முடிவு கட்டுவோரும் உளர். அதுவும் தவறே. இந்தியாவில் நிகழும் கொலைகளில் துப்பாக்கியால் நிகழ்பவை சிறு பகுதியே ஆகும். அரிவாள், கத்தி, தடி, கல், கயிறு ஆகியவையே பெரும்பாலான கொலைகளின் கருவிகள். அச்சிறு பகுதியிலும் உரிமம் பெற்ற துப்பாக்கியால் நிகழ்பவை மிகக் குறைவு என்பதைக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. ஆகவே உரிமங்களின் எண்ணிக்கையையும் கொலைகளின் எண்ணிக்கையையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது, தொடர்பில்லாத இரு கணக்குகளை ஒப்பிடுவதாக முடிகின்றது. துப்பாக்கிக் கொலைகள் மிகுதியாகப் பதிவாகும் மாநிலங்களுள் பீகாரும் ஒன்று. அங்கே உரிமம் பஞ்சாபில் உள்ளதைப் போலப் பதினாறில் ஒரு பங்கு அடர்த்தியே உடையது என்பது இங்கு நோக்கத்தக்கது.

அவ்வாறாயின் துப்பாக்கிச் சட்டத்திற்கும் குற்றத்திற்கும் தொடர்பே இல்லையா? உண்டு. ஆனால் அத்தொடர்பு உரிமங்களின் எண்ணிக்கையில் வெளிப்படுவதில்லை. அதைக் காண வேண்டுமாயின் சட்டம் பிறந்த வரலாற்றையும், சட்டத்திற்கு வெளியே துப்பாக்கி செய்யப்படும் இடங்களையும் சற்று விரிவாக நோக்க வேண்டும்.

சட்டத்தின் பிறப்பு

1857ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் மக்களிடமிருந்து ஆயுதங்களைக் களைவதில் ஆங்கில அரசு முனைந்தது. வைசிராய் லிட்டன் காலத்தில், 1878ஆம் ஆண்டு, இந்திய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயடைத்த சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. ஆயுதச் சட்டத்தின் கீழ் இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. குற்றத் தடுப்பு இச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்திருக்கலாம். முதல் நோக்கம் அரசின் பாதுகாப்பே என்பதில் ஐயமில்லை.

தேசிய இயக்கம் இதை ஓர் இழிவாகவே கருதிற்று. 1930ஆம் ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் வைசிராய் இர்வினுக்கு முன்வைத்த பதினொரு கோரிக்கைகளுள், தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் மக்களின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டு வழங்கப்பட வேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சையின் தலைவரே இதைக் கேட்டார் என்பது இன்றைய மாணவர்க்கு வியப்பளிக்கக் கூடும். அடுத்த ஆண்டு கராச்சியில் கூடிய காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலில் சேர்த்தது.

இப்பின்னணியில்தான் 1948ஆம் ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், ஆயுதம் தாங்கும் உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு குடிமகனுக்கும் இவ்வுரிமையை அளித்தால் குற்றமே தொழிலாகக் கொண்டோரும் அதைக் கோர இயலும் என்பது அவருடைய மறுப்பின் சாரம். திருத்தம் தோற்றது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே 19ஆம் பிரிவில் இடம் பெற்றது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 1791ஆம் ஆண்டுத் திருத்தம் காட்டும் வழியை நன்கறிந்த ஒரு சபை, ஆராய்ந்து பார்த்த பின்னரே வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. இதனால் இந்தியாவில் துப்பாக்கி என்பது அரசு, தக்க காரணத்தின் பேரில், தக்கவருக்கு அளிக்கும் சலுகையாயிற்று. தகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. பெருநகரங்களில் காவல் ஆணையருடையது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 1962ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இதில் ஒரு விதி பலர் கவனத்தில் படாமல் போவதுண்டு. விண்ணப்பதாரரிடம் போதிய சொத்து இல்லை என்ற காரணத்தை மட்டும் கொண்டு உரிமம் மறுக்கலாகாது என்று 14ஆம் பிரிவு கூறுகின்றது. பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு, வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உழவர் உரிமம் பெறலாம். அது போதாதென்று அலுவலர் கருதினால் வேறு வகைத் துப்பாக்கிக்கும் அனுமதி அளிக்கலாம். செல்வருக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே துப்பாக்கி என்ற பழைய நிலையை மாற்றும் எண்ணம் இவ்விதிகளில் தெளிவாகவே உள்ளது. நடைமுறை அவ்வெண்ணத்தோடு முழுதும் ஒத்துப்போயிற்று என்று கூறுவதற்கில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலையோரச் சிற்றூர்களில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகள் கைப்பற்றப்படுவதும், தாமாக ஒப்படைப்போர் மீது வழக்கு இல்லையென்று காவல் துறை அவ்வப்போது அறிவிப்பதும் நாம் அறிந்தவையே. பன்றி விரட்டவும் வேட்டைக்கும் அத்துப்பாக்கியை வைத்திருப்பவரில் பலருக்கு மாவட்டத் தலைநகருக்கு வந்து படிவம் நிரப்புவதே பெரும்பாடு.

முங்கேர் காட்டும் பாடம்

சட்டத்திற்கு அப்பாற்பட்ட உலகை அறிய முங்கேரைக் காட்டிலும் தக்க இடம் வேறில்லை. பீகாரில் கங்கைக் கரையில் அமைந்த இவ்வூரைப் பதினெட்டாம் நூற்றாண்டில், 1760க்குப் பிந்தைய ஆண்டுகளில், வங்க நவாப் மீர் காசிம் தன் தலைநகராக்கிக் கொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்க்கப் படைக்கலச் சாலை ஒன்றையும் அங்கு நிறுவினார். நவாபின் ஆட்சி சில ஆண்டுகளில் முடிந்தது. கொல்லர்களின் கைத்திறன் முடியவில்லை. தந்தையிடமிருந்து மகன் கற்றுத் தலைமுறை தலைமுறையாக அது நிலைத்தது. விடுதலைக்குப் பின் உரிமம் பெற்ற சிறு துப்பாக்கித் தொழிலகங்கள் அங்கே இயங்கின. அவை செய்தவை பெரும்பாலும் வேட்டைக்கும் காவலுக்கும் உரிய இரட்டைக் குழல் துப்பாக்கிகள்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கிற்று. அது வேண்டிய சட்டமே. ஆயினும் வேட்டைத் துப்பாக்கியை வாங்குவோர் குறைந்தனர். புதிய உரிமங்களும் எளிதில் கிடைக்கவில்லை. தொழிலகங்களில் வேலை சுருங்கியது. கைத்திறன் உடையவர்கள் பலர் வேலையற்றனர். கடைசல் இயந்திரமும் அரமும் கொண்டு கைத்துப்பாக்கியைப் படியெடுக்க வல்ல ஒருவருக்கு, சட்டப்படியான கூலி நின்று போகுமிடத்தில் சட்டத்திற்குப் புறம்பான கூலி காத்திருக்கும். முங்கேரில் நிகழ்ந்தது இதுவே. வீடுகளின் உள்ளறைகளிலும் ஆற்றிடைத் திட்டுகளிலும் மறைவான பட்டறைகள் தோன்றின. காவல் துறையின் சோதனை கடுமையாகும்போது அப்பட்டறைகள் மேற்கு வங்கத்திற்கும் பிற மாநிலங்களுக்கும் இடம் பெயர்ந்தன. பிற மாநிலங்களில் பிடிபட்ட பட்டறைகளிலும் முங்கேர்த் தொழிலாளர் இருந்தமை பலமுறை செய்தியாயிற்று. 2018ஆம் ஆண்டு முங்கேர்ப் பகுதியில் கிணற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் இருபதுக்கும் மேற்பட்ட ஏகே-47 துப்பாக்கிகள் மீட்கப்பட்டன. அவை ஜபல்பூரில் உள்ள படைக்கலக் கிடங்கிலிருந்து வெளியேறியவை என்று விசாரணையில் தெரியவந்தது. ஆக, அரசின் கிடங்கும் கள்ளச் சந்தையின் ஊற்றாதல் கூடும். 2023ஆம் ஆண்டு மணிப்பூரில் காவல் துறையின் ஆயுதக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆயுதங்கள் சூறையாடப்பட்டது இதனினும் பெரிய சான்று.

முங்கேர்ச் சரக்கு ஓரளவு செம்மையானது. வடமாநிலச் சிற்றூர்களில் 'கட்டா' என்றும் 'தமஞ்சா' என்றும் வழங்கும் நாட்டுக் கைத்துப்பாக்கி அத்தகையதன்று. கழித்து விடப்பட்ட வண்டிகளின் இரும்புக் குழாயே அதற்குக் குழல். ஒரு முறைக்கு ஒரே தோட்டா. சுடுபவர் கையிலேயே வெடித்துவிடுவதும் உண்டு. குழலினுள் வரிப்பள்ளம் இல்லாமையால் குண்டின் மீது அடையாளம் தெளிவாகப் பதிவதில்லை. தடய அறிவியல் ஆய்வாளர் துப்பறிவது அந்த அளவிற்குக் கடினமாகின்றது. ஜெனீவாவில் உள்ள சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீடு, இந்தியக் குடிமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் 7 கோடியே 11 இலட்சம் என்றும், அவற்றுள் பதிவு பெற்றவை 97 இலட்சம் மட்டுமே என்றும் கூறுகின்றது. இது எண்ணிப் பார்த்த கணக்கன்று, மதிப்பீடே. அதில் பெரும் பிழை இருப்பினும், பதிவு பெறாதவை பதிவு பெற்றவற்றைப் போலப் பன்மடங்கு என்ற முடிவு மாறாது.

தோட்டா என்னும் பாலம்

உரிம உலகும் கள்ள உலகும் இவ்வாறு தனித்தனியே இருப்பதாகத் தோன்றினும், அவற்றை இணைக்கும் பாலம் ஒன்று உண்டு. துப்பாக்கியைப் பட்டறையில் செய்துவிடலாம். தரமான தோட்டாவைச் செய்வது அத்துணை எளிதன்று. நாட்டுக் கைத்துப்பாக்கி பெரும்பாலும் 12 போர் அல்லது .315 தோட்டாவிற்கு ஏற்ப ஏன் செய்யப்படுகின்றது? உரிமம் பெற்றவர் கடையில் வாங்கக்கூடிய தோட்டாக்கள் அவையே. ஒருவர் ஆண்டுக்கு இத்தனை தோட்டா வாங்கலாம் என்று உரிமத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அத்தனையும் வாங்கிச் சிலவற்றை விற்றுவிடுவாராயின், அவர் துப்பாக்கி ஒரு குற்றத்திலும் தொடர்புபடாமல் வீட்டுச் சுவரில் தொங்கிக் கொண்டிருக்கும். அவர் தோட்டாவோ எங்கோ ஓர் உயிரைக் கொள்ளும். குற்றப் புள்ளி விவரத்தில் அக்கொலை 'உரிமமற்ற துப்பாக்கி' என்ற தலைப்பின் கீழ்ப் பதிவாகும். உரிமத் துப்பாக்கியால் குற்றம் குறைவு என்ற, மேலே நாமும் எடுத்தாண்ட, கணக்கு இந்த அளவிற்கு நம்மை ஏமாற்ற வல்லது.

உரிமம் வழங்கும் முறையிலும் ஓட்டைகள் உண்டு. ஜம்மு-காஷ்மீரில் 2012க்கும் 2016க்கும் இடையே வழங்கப்பட்ட ஏறத்தாழ 2 இலட்சத்து 78 ஆயிரம் உரிமங்கள் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு உள்ளாயின. தகுதியற்றவர்க்கும் அவ்விடத்தைச் சேராதவர்க்கும் பணம் பெற்று அளிக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. 34 பேருக்கு ஓர் உரிமம் என்று தொடக்கத்தில் குறித்த எண்ணை வாசகர் இவ்வெச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். சட்டத்தின் 13ஆம் பிரிவு, காவல் நிலைய அலுவலரின் அறிக்கையைப் பெற்று விசாரித்த பின்னரே உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. ஆனால் அறிக்கை குறித்த காலத்தில் வாராவிடில் அதற்காக மேலும் காத்திராமல் ஆணை பிறப்பிக்கலாம் என்றும் கூறுகின்றது. இழுத்தடிப்பைத் தவிர்க்க வந்த விதி அது. விசாரணையையே தவிர்க்க அது பயன்படலாகாது.

துப்பாக்கி ஒரு தகுதிச் சின்னமாகக் கருதப்படும் பகுதிகளில் அலுவலர் மீது வரும் நெருக்கடி தனி வகை. மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்தில் 2008ஆம் ஆண்டு, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொள்ளும் ஆடவருக்குத் துப்பாக்கி உரிமத்தில் முன்னுரிமை என்று அறிவிக்கப்பட்டது. அறுவை செய்துகொண்டோர் தொகையும் உயர்ந்தது. குடும்ப நலத் திட்டத்திற்கு அது வெற்றியாக இருக்கலாம். ஆனால் 'தக்க காரணம்' என்ற சட்டச் சொல்லுக்கு அங்கே என்ன பொருள் எஞ்சியது என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டைக் குடகில் காணலாம். குடவ இனத்தாரும் ஜம்மா நில உரிமையாளரும் உரிமம் பெறுவதிலிருந்து ஆங்கிலேயர் காலத்திலேயே விலக்கு பெற்றவர்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ் அவ்விலக்கு தொடர்ந்தது. 2019ஆம் ஆண்டு அது மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை, நீட்டிக்கப்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021ஆம் ஆண்டு அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆண்டுதோறும் கைல்போது திருநாளில் குடவர் துப்பாக்கிக்கு மலர் சூட்டி வணங்குவர். பிறப்பையும் இறப்பையும் வெடியோசையால் ஊருக்கு அறிவிப்பர். வீடுதோறும் துப்பாக்கி இருந்தும் துப்பாக்கிக் குற்றத்திற்குப் பெயர் பெற்ற மாவட்டமாகக் குடகு ஆகவில்லை. துப்பாக்கி இன்னாரிடம் உள்ளது என்று ஊரே அறியும். விலக்குச் சான்றிதழ் மாவட்ட அலுவலகத்தில் பதிவில் உள்ளது. தவறிழைத்தால் குடும்பத்திற்கே இழுக்கு. இந்நிலையை ஆணையால் வேறோர் இடத்தில் உண்டாக்கிவிட முடியாது. எனவே குடகைக் காட்டி நாடெங்கும் உரிம முறையைத் தளர்த்தலாம் என்று வாதிடுவதற்கு இடமில்லை.

வெளிநாட்டு ஆய்வுகளை இங்குப் பொருத்துவதிலும் இதே கவனம் வேண்டும். அமெரிக்காவில் குடிமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் மக்கள் தொகையையே விஞ்சுவன. 2021ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்த கொலைகளில் ஐந்தில் நான்கு பங்கு துப்பாக்கியால் நிகழ்ந்தவை. துப்பாக்கி ஏந்தும் உரிமை விரிந்தால் குற்றம் குறையும் என்று பொருளியல் அறிஞர் ஜான் லாட் 1998ஆம் ஆண்டு எழுதினார். அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2004ஆம் ஆண்டு சான்றுகளை ஆராய்ந்து, குறையும் என்றோ கூடும் என்றோ உறுதியாகக் கூற அவை போதா என்று முடிவு செய்தது. ஆஸ்திரேலியாவோ, 1996ஆம் ஆண்டு போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றபின், ஏறத்தாழ ஆறரை இலட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. கடையில் விற்ற துப்பாக்கி அது. விலையும் உடையது. குழாயிலிருந்து செய்யும் கட்டாவை விலை கொடுத்து வாங்கத் தொடங்கினால் பட்டறைக்கு அரசே வாடிக்கையாளர் ஆகிவிடும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம்

2019ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. சட்டவிரோதமாக ஆயுதம் செய்வோருக்கும் விற்போருக்கும் குறைந்த அளவுத் தண்டனை மூன்றாண்டிலிருந்து ஏழாண்டாயிற்று. ஆயுள் தண்டனை வரையிலும் விதிக்கலாம். திருமணம் முதலிய கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஊறு நேருமாறு சுடுவது தனிக் குற்றமாக்கப்பட்டு, ஈராண்டுச் சிறையோ ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வகை செய்யப்பட்டது. வட இந்தியத் திருமணங்களில் மணமகனும் உறவினரும் விருந்தினரும் வெடிக்கு இரையாவது அடிக்கடி நிகழ்வது. அங்கே குற்றக் கருவி உரிமம் பெற்ற துப்பாக்கியாகவும் இருப்பதுண்டு என்பதை மறக்கலாகாது.

உரிமக் காலத்தை நீட்டியதில் இக்கட்டுரையாளருக்கு உடன்பாடில்லை. புதுப்பிக்க வரும் நாளே உரிமம் பெற்றவரை அலுவலர் காணும் நாள். துப்பாக்கியையும் தோட்டாக் கணக்கையும் ஒப்பிடும் நாள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்னும்போது அவ்வாய்ப்பு அருகிவிடுகின்றது. விண்ணப்பதாரர்க்கு அலைச்சல் குறைந்தது நன்றே. அதற்கு ஈடாகத் துப்பாக்கி விற்பனையாளரின் தோட்டாப் பதிவேட்டை அடிக்கடி தணிக்கை செய்யும் ஏற்பாடு உடன் வந்திருக்க வேண்டும். உரிமமற்ற துப்பாக்கிகளின் பெருக்கத்தை உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில், உத்தரப் பிரதேச வழக்கொன்றை ஒட்டித் தானாகவே கவனத்தில் எடுத்துக் கொண்டது. ஆயுதம் அமெரிக்காவில் அடிப்படை உரிமையாயினும் இங்கு அவ்வாறன்று என்பதை நீதிபதிகள் அப்போது சுட்டிக்காட்டினர். போலீசும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலிலும், ஆயுதங்கள் மத்தியப் பட்டியலிலும் உள்ளமையால், சட்டம் ஓரிடத்திலும் செயல் மற்றோரிடத்திலுமாக இருக்கின்றன. பட்டறைகளைக் கண்டுபிடிப்பது காவல் துறையின் வேலை; முங்கேர்த் தொழிலாளிக்குக் கருவித் தொழிலிலோ இயந்திர உறுப்புத் தொழிலிலோ இடந்தருவது தொழில் துறையின் வேலை. முன்னது மட்டும் நடக்குமிடத்தில் பட்டறை மாவட்டம் மாறுகின்றதே அன்றி ஒழிவதில்லை.

மாவட்ட அலுவலகத்தின் கைக்கு எட்டிய பணி ஒன்றும் உண்டு. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் அவருடைய துப்பாக்கியை வாரிசுதாரர் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ உடனே ஒப்படைக்க வேண்டும் என்று 21ஆம் பிரிவு கூறுகின்றது. இதை அறியாத குடும்பங்கள் பல. பாட்டனார் துப்பாக்கி பரணில் கிடக்கும். சட்டத்தின் கண்ணில் அது அன்றே உரிமமற்ற துப்பாக்கியாகிவிட்டது. பின்னர் அது யார் கைக்குப் போகும் என்பதை எவரும் அறியார். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இறப்பைப் பதிவு செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். அப்பதிவேட்டைத் துப்பாக்கி உரிமப் பதிவேட்டோடு ஆண்டுக்கு ஒருமுறை ஒத்துப் பார்க்கப் புதிய சட்டம் ஏதும் வேண்டியதில்லை. இங்கு மாவட்டத்திற்குச் சராசரியாக 600 உரிமங்களே உள்ளன; ஓர் எழுத்தர் சில வாரங்களில் முடிக்கக்கூடிய வேலை. உத்தரப் பிரதேசத்தின் 75 மாவட்டங்களில் இது மாவட்டத்திற்கு 17,000 அளவில் வரும். உரிமதாரர் ஒவ்வொருவருக்கும் தனி எண் அளித்து மத்திய உள்துறை அமைச்சகம் கணினியில் தொகுத்து வரும் தேசியப் பட்டியல் முழுமை பெற்று, அதனோடு இறப்புப் பதிவும் இணைந்தாலன்றி, அங்கு அவ்வேலை கைகூடாது.